வாடை ஏதும் இல்லை

அதிகாரி கேட்டபோது அவன் யோசிக்கவே இல்லை.

"சாமி சத்தியமா ஒரு நாத்தமும் இல்லீங்க சார்."

தெருவே அங்கேதான் நின்றது.

மதிலுக்கு அந்தப் பக்கம் நச்சுக்கழிவுப் பீப்பாய்கள், ஆள் உயரத்துக்கு மேல் அடுக்கி. இந்தப் பக்கம் இருபத்திரண்டு வீடுகள். நாற்றம் தாங்கவில்லை, பிள்ளைகள் விடாமல் இருமுகிறார்கள், கிடங்கை வேறு இடத்துக்கு மாற்றுங்கள் என்று மனு கொடுத்து, நாலு மாதம் நடையாய் நடந்து, இன்றைக்குத்தான் அதிகாரியை வரவழைத்திருந்தார்கள்.

அவன் கிடங்கின் காவலாளி. பதினோரு வருடமாக அதே கேட். வீடும் அதே தெருவில்தான், கடைசியில். அவன் மகளும் இருமுகிறாள். பனி ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்திருந்தான்.

இப்படிச் சொல் என்று யாரும் அவனுக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. பொய் சொல்ல வராத மனிதன். அதுதான் வினையாகப் போனது.

"இங்கயே குடியிருக்கிறவரே சொல்றாரே" என்று அதிகாரி எழுதிக்கொண்டார். எழுதி முடிக்கிறவரை மூக்கிலிருந்து கைக்குட்டையை எடுக்கவில்லை.

சளி போல, பாவம், என்று நினைத்தான்.

மனுவுக்கு வீடு வீடாகக் கையெழுத்து வாங்கிய சூசையம்மாள் அவனை ஒரு வார்த்தை சொல்லவில்லை. நாலு வார்த்தை திட்டியிருக்கலாம்.

அடுத்த ஷிப்டுக்கு ஆள் வந்ததும் வீட்டுக்கு நடந்தான்.

அவன் மனைவி அஞ்சலை பாலை அடுப்பில் வைத்துவிட்டு, பார்த்துக்கொள்ளச் சொல்லி, மகளோடு குழாயடிக்குப் போனாள். அவன் அடுப்புக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து பூட்ஸைக் கழற்றினான். காலை நீட்டினான். கண்ணை மூடினான்.

குடத்தோடு வந்தவள் வாசலிலேயே முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

"ஏங்க, பால் தீஞ்சு தெருவே நாறுது. பக்கத்துல உக்காந்துக்கிட்டு தெரியலயா?"

திரும்பிப் பார்த்தான். பாத்திரம் அடியோடு கரியாகியிருந்தது. அறை முழுக்கப் புகை.

மூச்சை இழுத்தான்.

ஒன்றும் இல்லை.

மகளைக் கிட்டே இழுத்து அவள் தலையில் முகத்தைப் புதைத்தான். காலையில் வைத்த மல்லிகை இன்னும் வாடவில்லை.

அங்கேயும் ஒன்றும் இல்லை.

அஞ்சலை திட்டுவதை நிறுத்தியிருந்தாள். அவன் கைக்குள் இருந்தபடியே மகள் இருமினாள்.

ஊர் முன்னால் சொல்லியாயிற்று. சாமியை வேறு சாட்சிக்கு இழுத்திருந்தான்.

கரித்துணியைச் சுற்றி அந்தப் பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு ஓடினான். செருப்புகூடப் போடவில்லை.

ஜீப் இன்னும் கிளம்பவில்லை. தெருமுனையைத் தாண்டியிருக்கும் டீக்கடையில் சனங்கள் அதிகாரியை மறித்துப் பேசிக்கொண்டிருந்தார்கள். அவர் டீயை ரசித்துக் குடித்துக்கொண்டிருந்தார். கைக்குட்டை மடித்துச் சட்டைப் பைக்குள் இருந்தது.

அதை அவன் பார்த்தான்.

சூசையம்மாள் விலகி வழிவிட்டாள். பாத்திரத்தை அவர் முன்னால் பெஞ்சில் வைத்தான். பக்கத்தில் இருந்தவர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள்.

"இது தீஞ்சது எனக்குத் தெரியல சார். நான் சொன்னத அடிச்சிருங்க."



அதிகாரியின் கை சட்டைப் பைக்குப் போனது.

பேனாவும் அங்கேதான் இருந்தது, கைக்குட்டையும்.