ட்ரெய்லருக்கு அடியில்

"கிளைடர் அங்க நிக்குது சார். நீங்க ட்ரெய்லருக்கு அடியிலயே படுத்துக் கிடக்கீங்களே!" இன்ஜின் இல்லாத தன் பழைய கிளைடர் விமானத்தை, அதை ஏற்றிச்செல்லும் ட்ரெய்லரோடு விற்கவிருந்த அன்ஸ்கார் சிரித்தார்.

"பிரேக் சரியா பிடிக்கல. தரைப்பலகையும் ஊறியிருக்கு," என்றார் டெட்லெஃப், வெளியே வராமலே.

அன்ஸ்கார் பொறுமையிழந்து டெட்லெஃபின் மனைவி ஹென்ரிக்காவிடம் திரும்பினார். "சாயங்காலம் இன்னொருத்தர் பார்க்க வர்றாரும்மா. உங்க வீட்டுக்காரர் இறக்கையைத் தொட்டுக்கூடப் பார்க்கல. நெசமாவே பறப்பாரா?"

ஹென்ரிக்காவுக்கு அந்தக் கிளைடரை விட்டுப்போக மனமில்லை. ஆனாலும் சிரித்தாள்.

"அவரா? ஏணியில ஏறினாலே தலை சுத்தும். பறக்கிறது நான். காத்து கைவிட்டுட்டா எந்த வயல்லயாவது இறங்குவேன். இறக்கையைக் கழட்டி இந்த ட்ரெய்லர்ல ஏத்தி, என்னையும் வீடு சேர்க்கிறது அவர்தான். அவர் வேணாம்னா வேணாம்."

அடியிலிருந்து குரல் வந்தது.

"ரெண்டையும் நானே சரி பண்ணிடறேன். வாங்கிடு, ஹென்னி."