முதலாளிக்கு ஓர் எதிராளி

"என்னையத் தோக்கடிக்கிற சிப்பு எதுவோ, அதப் போடு காசிமாயா."

போடி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருந்த ரேடியோ ரிப்பேர் கடையில், மேஜைமேல் மூடி கழற்றிக் கிடந்தது அந்தக் கம்ப்யூட்டர். அதைக் கொண்டுவந்த தோட்ட முதலாளி சுருளிவேலின் மகனுக்குச் சிங்கப்பூர் மாமன் வாங்கி வந்தது. மகன் மதுரைக்குப் படிக்கப் போனான். அவனுக்குச் சோறு பொங்கிப் போட அவன் அம்மாவும் கூடப் போனாள். ஏலத்தோட்டத்துப் பங்களாவில் மிச்சமானது சுருளிவேலும், டிவியில் மாட்டி செஸ் ஆடுகிற இந்தப் பெட்டியும்தான்.

மெக்கானிக் காசிமாயன் உள்ளங்கையில் இரண்டு சிப்புகளை வைத்து நீட்டினான்.

"பெட்டிக்கு மூளையே இதுதாண்ணே. இந்தச் சின்னது, இப்ப இருக்கிறதவிடக் கொஞ்சம் வெரசா யோசிக்கும். பெருசு பேய் மாதிரி யோசிக்கும். ஆனா விலை ஜாஸ்தி, சூடும் ஏறும். சும்மா பொழுதுபோக்குக்குத்தானே? சின்னதே போதும்ணே."

"பொழுதுபோக்கா?" சுருளிவேல் சிரித்தார். சிரிப்பு பாதியிலேயே நின்றுவிட்டது. "மலையில எவன் என்கூட ஆடுனாலும் தோத்துப் போறான்யா. கணக்குப்பிள்ளை தோக்கிறான், கங்காணி தோக்கிறான். இந்தா நிக்கிறானே, என் ஜீப் டிரைவர் ராக்கையா. மத்தவங்கள ஓட ஓட விரட்டுவான். என் முன்னால உக்காந்தா மட்டும், ராணியக் கொண்டாந்து என் யானைக்கு முன்னால நிறுத்திட்டுத் தலையச் சொறியிறான்."

வாசலில் நின்ற ராக்கையா தலையைச் சொறிந்தான். "முதலாளி கைராசி அப்படிங்க."

"கேட்டியா? கூலி குடுக்கிறவன எவன் ஜெயிப்பான்? மெஷினாச்சும் மூஞ்சிக்கு அஞ்சாம ஆடும்னு பாத்தா, அதுவும் சோப்ளாங்கியா இருக்கு. ஒருக்காவாச்சும் நல்லாத் தோக்கணும் அப்பு. எதித்தாப்புல நெசமாவே ஒரு ஆளு உக்காந்திருக்கான்னு எனக்குத் தெரியணும்."

காசிமாயன் பெரிய சிப்பை மாட்டி, கடை டிவியில் ஆட்டத்தைப் போட்டுக் கொடுத்தான்.

குதிரை போனது. யானை போனது. கடைசியில் சுருளிவேலின் ராஜா மூலையில் மாட்டிக்கொண்டு முழித்தது. அவரோ தொடையைத் தட்டிக்கொண்டு கடையே அதிரச் சிரித்தார். அப்படிச் சிரித்து எத்தனையோ வருஷமாகியிருந்தது.

"படுபாவி! கொஞ்சங்கூட விட்டுக்குடுக்கலையே!"

ராக்கையா மட்டும் சிரிக்கவில்லை.

"இதவே போட்டு மூடிய முறுக்கு காசிமாயா. ராக்கையா, பெட்டிய ஜீப்புல ஏத்தி வை. கமிஷன் கடையில ஒரு சோலி, முடிச்சிட்டு வந்துர்றேன்."

திரும்பி மலையேறும்போது, வளைவுக்கு வளைவு, "வெரசா ஓட்டுடா" என்று ராக்கையாவைப் பிடுங்கி எடுத்தார். ஆளில்லாத அந்தப் பங்களாவுக்குப் போக அவர் அவசரப்பட்டது அன்றைக்குத்தான்.

சாயங்கால மூடுபனி ஜன்னலை மறைக்கும்போது ஆட உட்கார்ந்தார். ராக்கையா கொண்டுவந்து வைத்த கட்டன்சாயா ஆறுவதற்குள் ஜெயித்துவிட்டார். மறுபடி ஆடினார். மறுபடியும் ஜெயித்தார். பெட்டியின் தலையில் ஒரு தட்டுத் தட்டினார்.

"கடையில அந்த ஆட்டம் ஆடுச்சேடா..."

"முதலாளிய ஜெயிக்க இனிமே ஒண்ணு பொறந்துதான் வரணும்" என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டே ராக்கையா டம்ளரை எடுக்கக் குனிந்தான். அவன் சட்டைப் பையிலிருந்து ஏதோ டக்கென்று தரையில் விழுந்தது.

பெரிய சிப்பு.

ராக்கையா தலையைச் சொறிந்தான். "அடுத்தவன் முன்னால நீங்க தோத்தது மனசு தாங்கலீங்க முதலாளி. அதான், நீங்க கமிஷன் கடைக்குப் போனப்ப பழசையே திரும்ப மாட்டச் சொல்லிட்டேன்."