டப்பாப் பட்டாணி

“இன்னைக்கும் டப்பாவா?” மலையம்மாள் கம்பஞ்சோற்றுச் சட்டியை ணங்கென்று வைத்தாள்.

பால்பாண்டி விளாங்குடி கடையில் வாங்கிய பட்டாணி டப்பாவின் லேபிளைக் காட்டினார். “இங்க பாரு. புரதம், நார்ச்சத்து ரெண்டும் உன் கம்பஞ்சோத்துக்குக் குறைச்சலில்ல.”

“உப்பு எம்புட்டுன்னும் போட்டிருக்கும், அதையும் வாசிங்க. பிரஷர் மாத்திரை திங்கிற ஆளு, ஒரு வாரமா இதையே திங்கிறீக! என் கைச்சோறு கசந்துபோச்சாக்கும்?”

அவர் பட்டாணியை வடிகட்டி, இரண்டு தடவை அலசி, மிளகுப்பொடி தூவி மென்றார். பிறகு கை கழுவ எழுந்து போனார்.

அந்நேரம் பார்த்து அவருடைய போன் அடித்தது. மலையம்மாள் எடுத்தாள். பனிமலையில் எல்லைக் காவலுக்குப் போயிருக்கும் மகன் முகேஷ்.

“அம்மா, அப்பாகிட்ட சொல்லிரு. அலசித் தின்னா உப்புக் கரிக்கல. இங்க டப்பாதான் சாப்பாடு, குமட்டுதுன்னு பட்டினி கெடந்தேன். ‘நானும் தின்னு பாத்து வழி சொல்றேன்டா’ன்னாரு. இப்ப வயிறு நெறயச் சாப்பிடுறேன்.”

பால்பாண்டி திரும்பி வந்தபோது, அவர் தட்டில் கம்பஞ்சோறு இருந்தது. டப்பா மலையம்மாள் கையில் இருந்தது.

“உங்களுக்குப் பிரஷர். இனிமே நான் தின்னு பாக்குறேன். சீரகம் போட்டா நல்லாருக்கான்னு நாளைக்கு அவனுக்குச் சொல்லணும்.”