உப்புச் சங்கமும் இறால் சங்கமும்

"அந்தம்மா ஏறுற மேடையில நான் ஏற மாட்டேன். வேற ஏதாவது இருந்தா பேசுங்க" என்று சொல்லிவிட்டு, தட்சணாமூர்த்தி பரோட்டாவைப் பிய்த்துக் குருமாவில் தோய்த்தார்.

மரக்காணம் உப்பு வியாபாரிகள் சங்கத் தலைவர் அவர். சங்க ஆபீசில் அவருக்கு எதிரே உட்கார்ந்திருந்த பிரியதர்ஷினி, ஏற்றுமதியாளர் கூட்டமைப்பின் சார்பில் சென்னையிலிருந்து அன்று காலைதான் வந்திருந்தாள்.

"சார், அமெரிக்காவுல வரியை ஏத்தினதுலேர்ந்து இறால் சங்கம் படுத்துக்கிச்சு. அவங்க இறாலும் கருவாடும் கப்பல் ஏறலன்னா, உங்க உப்பை யார் வாங்குவாங்க? நாளைக்குப் பாண்டிச்சேரிக்கு வர்ற மத்திய அரசு வர்த்தகக் குழு தனித்தனிச் சங்கத்தை எல்லாம் பார்க்காது. எந்த நாட்டுச் சரக்கும் எந்த நாட்டுக்கும் வரித் தொல்லை இல்லாம போகணும்னு எல்லாரும் ஒண்ணா வந்து கேட்கணும்."

"தாராளமா கேட்கலாமே. நான் மட்டும் வர்றேன்."

அருகில் நின்ற சங்கச் செயலாளர் விஜயகுமார் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினார். இருமலா, சிரிப்பா என்று தெரியவில்லை.

"அப்படி என்ன சார் சண்டை?"

"மழையில பாதி உப்பு கரைஞ்சு போச்சு. மூட்டைக்கு விலையைக் கொஞ்சம் ஏத்தினேன். எல்லாருக்கும்தான் ஏத்தினேன். அந்தம்மா நடுரோட்டுல நிக்க வெச்சு என்னைக் கேட்ட கேள்வி இருக்குதே..."

பிரியதர்ஷினி எழுந்து ஈ.சி.ஆர் ரோட்டைக் கடந்து எதிர்ப்பக்கம் போனாள். அங்கேதான் இறால் சங்கத்தின் ஷெட். இறால் உரிக்கும் மேசைகள் கழுவிக் காய்ந்து கிடந்தன. வேலை இல்லாத பெண்கள் சுவரோரமாக உட்கார்ந்திருந்தார்கள்.

"வாம்மா, மொதல்ல டீ குடி" என்றாள் சங்கத் தலைவி பாஞ்சாலை.

"நீங்க ஒரு தடவை தட்சணாமூர்த்தி சாரோட உட்கார்ந்து பேசினா..."

"அந்த மனுஷன் பேச்சை எடுக்காத. ஊருக்கெல்லாம் ஏத்தட்டும், எங்களுக்குமா ஏத்துறது?"

பெயரைச் சொல்லக்கூட அவளுக்கு வாய் வரவில்லை. இவ்வளவு வெறுப்பா என்று பிரியதர்ஷினிக்கு மலைப்பாக இருந்தது.

"இந்தப் பொம்பளைங்க முகத்துக்காகவாவது வாங்கம்மா."

பாஞ்சாலை அவர்களைத் திரும்பிப் பார்த்தாள். குரல் இறங்கியது. "வர்றேன். ஆனா அந்த மனுஷன் இங்க வந்து கூப்பிடணும்."

"அந்தம்மா இங்க வரட்டும்" என்றார் ரோட்டுக்கு இந்தப் பக்கம் தட்சணாமூர்த்தி.

வெயிலில் இப்படியும் அப்படியுமாக நடந்து பிரியதர்ஷினிக்குச் செருப்பே அறுந்துவிட்டது. அறுந்த செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு ரோட்டோரத்தில் நின்று, இரண்டு பக்கமும் கேட்கும்படி கத்தினாள்.

"உலகத்துல இருக்கிற நாடெல்லாம் கதவைத் திறக்கணும்னு கேட்கப் போறோம். உங்க ரெண்டு பேரால இந்த ஒரு ரோட்டைத் தாண்ட முடியல! நாளைக்கு நான் எந்த மூஞ்சியோட போய்ப் பேசுவேன்?"

அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

கொஞ்ச நேரத்தில் தட்சணாமூர்த்தி வெளியே வந்தார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ரோட்டைக் கடந்து, ஷெட் வாசலில் நின்றார்.

"பழைய விலைக்கே தர்றேன். வா."

பிரியதர்ஷினிக்குப் பகீரென்றது. இத்தனை பேர் முன்னால் ஒரு சங்கத் தலைவியை இப்படி ஒருமையில் கூப்பிடுகிறாரே! எல்லாம் போச்சு என்று நினைத்தாள்.

பாஞ்சாலை முந்தானையை உதறிச் செருகிக்கொண்டாள். "நாளைக்கு நான்தான் மொதல்ல பேசுவேன்."

"என்னைக்கு நீ விட்டிருக்க?"

ஷெட்டில் இருந்த பெண்கள் கொல்லென்று சிரித்தார்கள்.

மறுநாள் பாண்டிச்சேரியில் இருவரும் வெளுத்து வாங்கினார்கள். பாஞ்சாலை கோபத்தில் குரல் உயர்த்தியபோது, தட்சணாமூர்த்தி தண்ணீர் டம்ளரை அவள் பக்கம் நகர்த்தினார். அவர் பேச்சில் தடுமாறியபோது அவள் எடுத்துக் கொடுத்தாள். வெளிநாடுகளோடு நடக்கும் அடுத்த பேச்சுவார்த்தையில் முதல் கோரிக்கையாக இந்த வரி விஷயத்தையே வைப்பதாகக் குழுத் தலைவர் வாக்குக் கொடுத்தார். அரங்கமே கைதட்டியது.

வெளியே வந்த பிரியதர்ஷினிக்குத் தலைகால் புரியவில்லை.

"சார், அம்மா, இந்த ஒத்துமையை விட்டுடாதீங்க. இனிமே மாசத்துக்கு ஒரு தடவையாவது ரெண்டு பேரும் சந்திச்சு, உட்கார்ந்து மனசு விட்டுப் பேசணும். சரியா?"

தட்சணாமூர்த்தி பைக்கை ஸ்டார்ட் செய்தார். பாஞ்சாலை பின்னால் ஏறி உட்கார்ந்து, அவர் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

"மாசத்துக்கு ஒரு தடவையா? நீ வேறம்மா... தெனம் இந்த மனுஷனுக்குச் சோறு ஆக்கிப் போடுறதே நான்தான். இவரு எங்க வூட்டுக்காரரு!"