நம்ம வக்கீல்

பல்கலைக்கழகத்தில் சட்ட அலுவலகம் என்று ஒன்று இருப்பதே சூப்பரிண்டெண்ட் குருநாதனுக்கு அந்த வாரம்தான் தெரியும். தெரிந்ததிலிருந்து நிம்மதியாகத் தூங்கினார். பின்னே? காவல்காரன் போட்ட கேஸில் வாதாட, கையிலிருந்து ஒரு நயா பைசா செலவில்லாமல், மெட்ராஸிலிருந்து ஒரு வக்கீல் மலையேறி வருகிறார் என்றால் சும்மாவா!

கொடைக்கானலில் பல்கலைக்கழகத்துக்கு ஒரு தாவர ஆராய்ச்சி நிலையம் இருந்தது. கோடையில் மாணவர்கள் வந்து செடிகொடிகளைப் பார்த்துவிட்டுப் போவார்கள். மற்ற மாதங்களில் அங்கே குருநாதன் வைத்ததுதான் சட்டம். "இங்க யூனிவர்சிட்டின்னா நான்தான்" என்று கடைவீதியில் சொல்லிக்கொள்வார்.

போன மாதம் நிலையத்தின் ஜெர்மன் மைக்ராஸ்கோப் காணாமல் போயிற்று. குருநாதன் காவல்காரன் ஞானமுத்துவின் மேல் பழியைப் போட்டு, அன்றைக்கே வேலையை விட்டுத் துரத்தினார். அழுதுகொண்டே போய்விடுவான் என்று பார்த்தால், அந்த ஆள் பல்கலைக்கழகத்தின் மேலேயே வழக்குப் போட்டுவிட்டான்.

சட்ட அலுவலர் இராமலிங்கம் மஃப்ளருக்குள்ளிருந்து மூக்கை மட்டும் நீட்டியபடி ஜீப்பை விட்டு இறங்கினார். வாசல் கேட் அருகே ஞானமுத்து கைகட்டி நின்றான்.

"ஐயா, நான் எடுக்கலைங்க. கோயில்ல பூசைக்குப் போனாக்கூட திருட்டுப்பயன்னு ஒதுங்கி உக்கார்றாக. எனக்கு வேலைகூட வேணாங்க, பேரைத் திருப்பிக் குடுத்தாப் போதும்."

"நான் யூனிவர்சிட்டி வக்கீல். கேஸ் போட்டவங்க என்கிட்ட பேசக்கூடாது" என்று சொல்லிவிட்டு இராமலிங்கம் விடுவிடுவென்று உள்ளே போனார். குருநாதனுக்கு அவரை ரொம்பப் பிடித்துவிட்டது.

கணப்படுப்பின் பக்கத்தில் உட்கார்ந்து காப்பி குடித்தார்கள்.

"பாருங்க சார், யூனிவர்சிட்டியைக் காப்பாத்தறது என் வேலை" என்றார் இராமலிங்கம். "கோர்ட்டுல அவங்க எதையாவது எடுத்து வீசி, நான் திருதிருன்னு முழிச்சா நல்லாவா இருக்கும்? உள்ளதைச் சொல்லுங்க. அந்த ஆள்தான் எடுத்தானா?"

குருநாதன் எழுந்து கதவைச் சாத்திவிட்டு வந்தார். நம்ம வக்கீல்தானே!

"அவன் எங்கங்க எடுத்தான்! எம் மகளுக்கு டாக்டர் மாப்பிள்ளை அமைஞ்சிருக்காரு. நகைநட்டெல்லாம் வேணாமாம். ஆசுபத்திரி வைக்க ஒரு மைக்ராஸ்கோப் இருந்தாப் போதும்னுட்டாக. தையில கல்யாணம்."

"ஆக, நீங்கதான்."

"வேற யாரு? பூம்பாறையில நான் பூண்டு போட்டு வைக்கிற வீடு ஒண்ணு இருக்கு. அங்க பரண்ல, பூண்டுக்கட்டுக்கு அடியில பத்திரமாக் கெடக்கு."

இராமலிங்கம் பதறிப்போனார். "பூம்பாறையிலயா? யார் கண்ணுலயாவது பட்டா என்ன ஆகறது! அது என் கைக்கு வந்துடணும் சார். சட்ட ஆபீஸ் பெட்டியை எந்தப் போலீஸ் சோதிக்கப் போகுது?"

இப்படியும் ஒரு மனிதரா என்று குருநாதனுக்குக் கண்ணே கலங்கிவிட்டது. இடுப்பிலிருந்த சாவியை அவிழ்த்துக் கொடுத்தார். "டிரைவரை வெரசாப் போயிட்டு வரச் சொல்லுங்க."

சாவியோடு வெளியே போன இராமலிங்கம், டிரைவரிடம் தாழ்ந்த குரலில் என்னவோ சொன்னார். ஜீப் கிளம்பியது.

மத்தியானம் நாட்டுக்கோழிக் குழம்பு. குருநாதனே பக்கத்தில் நின்று பரிமாறினார்.

"ஞானமுத்து கேஸ் என்னங்க ஆகும்?"

"முடிஞ்ச மாதிரிதான். இனிமே அவன் கோர்ட் வாசல்ல நிக்கவே வேண்டியிருக்காது."

"பாவம், பிள்ளைகுட்டிக்காரன். ரொம்ப வாட்டிறாதீங்க" என்று தாராளமாகச் சொல்லி, இன்னொரு துண்டு வைத்தார் குருநாதன்.

அவர்கள் கைகழுவும்போது ஜீப் திரும்பி வந்தது. வாசலெல்லாம் பூண்டு வாசம். டிரைவர் மைக்ராஸ்கோப் பெட்டியை இறக்கினார். முன் சீட்டிலிருந்து ஞானமுத்துவும் இறங்கினான்.

"ஏலே! உனக்கு ஜீப்புல என்னலே சோலி?"

"நான்தான் ஏத்திட்டுப் போகச் சொன்னேன்" என்றார் இராமலிங்கம். "பரண்ல இருந்து பெட்டியை எடுக்கும்போது பார்க்க ஒரு சாட்சி வேணுமே. யூனிவர்சிட்டி இவர்கிட்ட மன்னிப்புக் கேட்டு, வேலையையும் திருப்பிக் குடுத்துடும். இவரும் கேஸை வாபஸ் வாங்கிக்குவார். யூனிவர்சிட்டிக்கு இனிமே ஒரு ஆபத்தும் இல்லை."

ஞானமுத்து தலைப்பாகையை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டான். குருநாதன் ஈரக் கையோடு இராமலிங்கத்தின் பக்கம் வந்தார்.

"அப்ப... நானுங்க?"

"உங்க மேல யூனிவர்சிட்டி கேஸ் போடும். அதுக்கும் நான்தான் வக்கீல்." இராமலிங்கம் மஃப்ளரைச் சுற்றிக்கொண்டு ஜீப்பில் ஏறினார்.

"உங்களுக்குன்னு ஒரு நல்ல வக்கீலாப் பார்த்துக்குங்க சார். அவர்கிட்ட எதையும் மறைக்காம சொல்லலாம்."