வாவிக்குள் ஒரு பந்து

முதலாளியின் புதிய ஹோட்டலுக்கு மேலாளராக வேண்டுமென்றால் படிப்பும் அனுபவமும் போதாது. அவரோடு ஒரு தடவை கோல்ஃப் ஆடிக் காட்ட வேண்டும்.

அதனால் இஹ்ஸான் பின்னேரங்களில் காத்தான்குடி வாவிக்கரையில் மட்டையோடு நின்றான். பிழை பார்க்க மனைவி ஸஹீதா.

"இன்னும் சரிவரல்ல. இப்பிடி அடிச்சா ஆர் வேலை தருவான்?"

"தோள் சொல்லுக் கேக்குதில்ல."

"அப்ப தோளைப் பழக்குங்க. திரும்ப அடிங்க."

தேர்வு நாளில் முதலாளிதான் முதலில் அடித்தார். பந்து கரையோரத்திலேயே வாவிக்குள் தொப்பென்று விழுந்தது.

"காத்து, சேர்," என்றார் முதலாளியோடு வந்திருந்த கணக்காளர். தென்னோலை ஒன்றுகூட அசையவில்லை.

இஹ்ஸான் மூச்சைப் பிடித்துக்கொண்டு அடித்தான். அவனுடைய பந்து முதலாளியின் பந்துக்கும் இந்தப் பக்கமாக, கரையை ஒட்டியே தண்ணீருக்குள் விழுந்தது.

முதலாளியின் முகம் மலர்ந்தது.

"உங்களுக்குப் பழக்கம் காணாது, தம்பி. நாளைக்கே வேலையில சேருங்க. நானே பழக்கித் தாறன்."

வீட்டு வாசலிலேயே ஸஹீதா காத்து நின்றாள்.

"பந்து எங்க விழுந்திச்சி?"

"வாவிக்குள்ள."

"அல்ஹம்துலில்லாஹ்."

"வெள்ளிக்கிழமை முதலாளி சாப்பிட வாறாராம். துபாயில நான் கோல்ஃப் ஆடி வென்ற கிண்ணம் எல்லாத்தையும் எடுத்துக் கட்டிலுக்குக் கீழ தள்ளிடு."