விட்டுவைத்த கறை

“அதை விடு, தொடாதே!” இளையவளின் கையிலிருந்த பிரஷ்ஷைப் பிடுங்கிக்கொண்டாள் மூத்தவள்.

இளையவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அண்ணனையும் தம்பியையும் கட்டிக்கொண்ட ஓரகத்திகள் இருவரும் சேர்ந்து ஆரம்பித்த தொழில். வீடு சுத்தம் செய்து தரப்படும் என்று தட்டாத கதவில்லை. கடைசியில் கிடைத்த முதல் வீடு இது. இங்கே பேர் கெட்டால், இந்த அடுக்குமாடியில் வேறு யார் கூப்பிடப் போகிறார்கள்?

“அக்கா, குழாய்க்கு அடியில உப்புக்கறை பல்லிளிக்குது!”

“இளிக்கட்டும். வாளியை எடு.”

கூடத்தில் அந்த வீட்டு மாமியார், மருமகளைப் பிடிபிடியென்று பிடித்துக்கொண்டிருந்தார்.

“பாத்தியா? வந்த வேகத்துல வீட்டைக் கண்ணாடியாக்கிட்டாங்க. நீயும்தான் இருக்கியே!”

கைக்குழந்தையைத் தோளில் போட்டபடி, அழுகையை அடக்கிக்கொண்டு நின்றாள் அந்தப் பெண்.

மூத்தவள் நேரே அவளிடம் போனாள். “எல்லாம் சரியா இருக்கான்னு நீங்க ஒரு தடவை பாத்துடுங்கம்மா.”

சமையலறைக்குள் போனவளின் குரல் உடனே கேட்டது. “என்னங்க இது? குழாய்க்கு அடியில கறை அப்படியே இருக்கு!”

இளையவளுக்குப் பாதி உயிர் போய்விட்டது. தொழில் அவ்வளவுதான், இன்றோடு மூட்டை கட்ட வேண்டியதுதான்.

“அய்யோ, எப்படிக் கவனிக்காம விட்டேன்!” என்று மூத்தவள் ஓடிப்போய்த் தேய் தேய் என்று தேய்த்தாள்.

எட்டிப் பார்த்த மாமியாருக்கு முகமெல்லாம் பெருமை. “என் மருமக கண்ணுக்கு எதுவும் தப்பாது! அடுத்த வாரமும் வாங்க. ஆனா, இவ பாத்துச் சரின்னு சொன்னாத்தான் கிளம்பணும்.”

அந்தப் பெண் அப்போதுதான் சிரித்தாள்.

படியிறங்கும்போது இளையவள் கேட்டாள். “அப்போ வேணும்னேதான் விட்டீங்களா? இந்த வித்தையை எங்கக்கா கத்துக்கிட்டீங்க?”

“நம்ம வீட்டுலதான். நீ கல்யாணமாகி வந்த புதுசுல, ‘மூத்தவளைப் பாத்துக் கத்துக்கோ’ன்னு அத்தை உன்னைக் கரிச்சுக் கொட்டுவாங்களே, அப்பல்லாம் நான் பெருக்கின இடத்துல தினமும் ஒரு மூலையில குப்பை கிடக்குமே, மறந்துட்டியா?”

இளையவள் அப்படியே நின்றுவிட்டாள்.

மூத்தவள் சிரித்தாள். “ ‘அக்கா பெருக்கின லட்சணத்தை வந்து பாருங்கத்தே’ன்னு நீதானேடி ஊரைக் கூட்டுவே?”